தீர்மானப் புத்தகம் யார் கையில்?

(கிள்ளையில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கிளைகளுக்காக நடந்த கட்சி வகுப்பில் ஆற்றிய உரை)



"பள்ளி மேலாண்மைக் குழு எப்படி நடக்கிறது, எப்படி நடக்க வேண்டும்" என்று வகுப்பின் தலைப்பை வாசித்ததும் சில தோழர்களின் முகம் சுருங்கியது. கூலிப் பிரச்னை இருக்கிறது, ஆலையில் ஆள்குறைப்பு இருக்கிறது, இந்த நேரத்தில் பள்ளிக்கூடத்து மினிட் புத்தகத்தைப் பற்றி ஒரு வகுப்பா என்று ஒரு தோழர் வாய் திறந்தே கேட்டு விட்டார். கேட்டது நல்லது. மனதில் வைத்துக் கொண்டு கொட்டாவி விடுவதை விட வாய் திறந்து கேட்பது மேல். அந்தக் கேள்விக்குப் பதிலாகவே முதலில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம்.

இந்த வட்டாரத்தில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். அங்கே ஒரு நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்பு வரை சுமார் 120 பிள்ளைகள். நமது விவசாயத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஒரு அம்மாள் ஒரு நாள் சாயங்காலம், நடவு முடிந்த சேற்றுக் காலோடு சங்க ஆபீசுக்கு வந்தார்.

"அண்ணே, எம் பொண்ணு ரெண்டு மாசமா பள்ளிக்கூடம் போவல. கக்கூசுல தண்ணி இல்ல. வயசுக்கு வந்த புள்ள, எங்க போவும்? பாதி நாள் பட்டினியா கெடந்து பாத்துது. அப்பறம் போவமாட்டேன்னு உக்காந்துட்டுது. இதுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க" என்றார்.

மனு எழுத நமக்குக் கை வராதா என்ன? பேனாவை எடுத்தோம். எழுதுமுன் தலைமையாசிரியரை ஒரு வார்த்தை கேட்டு விடலாம் என்று மறுநாள் அந்த அம்மாளோடு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தலைமையாசிரியர் மரியாதையாக நாற்காலி போட்டார். விஷயத்தைச் சொன்னோம். அவர் பீரோவைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து, அந்த அம்மாள் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்கதானேம்மா கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

அந்த அம்மாளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். விரலை வைத்து வாசித்தார். "குடிநீர், கழிப்பறை வசதிகள் திருப்திகரமாக உள்ளன எனக் குழு ஒருமனதாக ஏற்றுக் கொண்டது." அதன் கீழே பதினான்கு கையெழுத்து. ஐந்தாவது கையெழுத்து அவருடையது. அவர் அந்தப் பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்! அது அவருக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். நமக்கோ அதுவரை தெரியவே தெரியாது.

அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் வரப்பின் மேல் நின்று கொண்டு அவர் கேட்டார்: "அப்ப எம் பொண்ண நிறுத்துனது நாந்தானா?"

தோழர்களே, அந்தக் கேள்விதான் இந்த வகுப்பு.

அந்த அம்மாள் நிறுத்தவில்லை. வயலிலிருந்து வரும் வழியில் கூப்பிட்டு, "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று ஒரு நோட்டை நீட்டினார்கள், போட்டார். அந்த வருஷத்தில் பன்னிரண்டு கூட்டம் நடந்ததாக நோட்டு சொன்னது. அவர் உட்கார்ந்து பேசியது இரண்டே கூட்டத்தில். மற்றதெல்லாம் வாசற்படிக் கூட்டம், வரப்புக் கூட்டம், ரேஷன் கடைக் கூட்டம். நிலச்சுவான்தார் வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிய காலம் போய்விட்டது என்று மேடையில் பேசுகிறோமே, அதே வெற்றுக் கைநாட்டு இங்கே "ஒருமனதாக" என்ற பட்டு வேஷ்டி கட்டிக் கொண்டு உட்கார்ந்திருக்கிறது!

இதில் தலைமையாசிரியரை வில்லனாக்கிப் பேசுவது சுலபம். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். தட்டி எழுதி ஆர்ப்பாட்டம் செய்ய வேண்டும் என்று கிளையில் இளம் தோழர்கள் துடித்தார்கள். வயதான தோழர் ஒருவர்தான், "முதலில் அந்த மனுஷர் ஒரு நாளைக்கு என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். பார்த்தோம். பாடம் நடத்த வேண்டும். இல்லாத ஆசிரியரின் வகுப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காலையில் சிற்றுண்டிக் கணக்கு, மத்தியானம் சாப்பாட்டுக் கணக்கு, புத்தகக் கணக்கு, சீருடைக் கணக்கு. எல்லாவற்றையும் செல்போனில் ஏற்ற வேண்டும். ஏறவில்லை என்றால் மேலே இருந்து போன் வரும். மாதக் கூட்டம் நடந்ததா என்று மேலே கேட்பார்கள். நடந்தது என்று காட்டக் கையெழுத்து வேண்டும். கூலிக்குப் போன பெற்றோர் வரவில்லை. என்ன செய்வார்? நோட்டைத் தூக்கிக் கொண்டு தெருவுக்கு வந்தார். பணம் எதுவும் அவர் பையில் போகவில்லை. ஆனால் பொய் எழுதப்பட்டது. அந்தப் பொய்க்கு விலையாக ஒரு பெண் பிள்ளை வீட்டில் உட்கார்ந்தது.

நம் பங்கையும் சொல்லிவிட வேண்டும். தேசியக் கல்விக் கொள்கையை எதிர்த்து அதே பள்ளிக்கூடத்து மதிலில் சுவரொட்டி ஒட்டியவர்கள் நாம். அது சரியான காரியம். ஆனால் மதிலுக்கு உள்ளே மாதா மாதம் ஒரு கூட்டம் நடக்க வேண்டும், அதில் நம் ஜனங்கள்தான் பெரும்பான்மை என்பதை நாம் கவனிக்கவில்லை. நமது கிளைத் தோழர்களில் மூன்று பேரின் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். குழு உறுப்பினர் யார் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. இதைச் சுயவிமர்சனமாகக் கிளையில் வைத்தோம், இங்கேயும் வைக்கிறோம்.

சரி, இந்தக் குழு எங்கிருந்து வந்தது? கொஞ்சம் சரித்திரம் பார்ப்போம்.

வெள்ளைக்காரன் காலத்தில் கிராமத்துப் பள்ளிக்கூடங்களை நடத்தியவை ஜில்லா போர்டுகளும் தாலூகா போர்டுகளும். 1884-ம் வருஷத்துச் சட்டம், பிறகு 1920-ம் வருஷத்துச் சட்டம், இவற்றின் கீழ் அவை நடந்தன. தாலூகா போர்டுகள் 1934-ல் எடுக்கப்பட்டன. கிள்ளை அப்போது தென்னாற்காடு ஜில்லா. போர்டுக்கு ஓட்டு யாருக்கு? வரி கட்டியவனுக்கு. நிலம் இல்லாதவனுக்கு ஓட்டு இல்லை. ஆகவே மிராசுதாரும் வக்கீலும் வியாபாரியும் கூடி உட்கார்ந்து, எந்த ஊருக்குப் பள்ளிக்கூடம், யாருக்கு உபாத்தியாயர் வேலை, யாருக்குக் காண்ட்ராக்ட் என்று தீர்மானம் போட்டார்கள். சேரிப் பிள்ளை கால் வைக்க முடியாத தெருவில் பள்ளிக்கூடத்தைக் கட்டிவிட்டு, எல்லோருக்கும் பொது என்று பலகை மாட்டிய கொடுமையும் நடந்தது. இதைப் பார்த்துத்தான் சுவாமி சகஜானந்தர் 1916-ல் இதே சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். போர்டின் தீர்மானப் புத்தகம் ஒரு வர்க்கத்தின் கையில், ஒரு சாதியின் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அதே போர்டு வேறு கைக்கு வந்தால்? அதற்கும் உதாரணம் உண்டு. 1954-ல் மலபார் ஜில்லா போர்டுத் தேர்தலில் கம்யூனிஸ்டுகளும் அவர்களோடு சேர்ந்தவர்களும் வென்றார்கள். மலபார் அன்றைக்குச் சென்னை ராஜ்யத்தில் ஒரு ஜில்லா. போர்டின் தலைவராக வந்தவர் பி.டி. பாஸ்கரப் பணிக்கர். அவர் ஆசிரியராக இருந்தவர். பள்ளிக்கூடத்து நாற்காலியின் கால் ஆடுவது கூட அவருக்குத் தெரியும். 1957-ல் கேரளத்தில் கம்யூனிஸ்டு மந்திரிசபை வந்ததும் கல்வி மந்திரி ஜோசப் முண்டசேரி கொண்டு வந்த கல்வி மசோதா, தனியார் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளத்தை நிர்வாகியின் கையால் கொடுக்காமல் சர்க்காரே நேரடியாகக் கொடுக்க வேண்டும் என்றது. அவ்வளவுதான்! பள்ளிக்கூடத்தைப் பண்ணையாக வைத்திருந்தவர்கள் ராஜ்யத்தையே ரகளையாக்கினார்கள். 1959 ஜூலை 31-ம் தேதி அந்த மந்திரிசபை கலைக்கப்பட்டது. சம்பளப் பட்டியலில் யார் கையெழுத்துப் போடுவது என்பது சின்ன விஷயம் என்றால் இவ்வளவு பெரிய ரகளை எதற்கு?

நம் பக்கத்தில், 1958-ம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு ஜில்லா போர்டுகள் போய், ஆரம்பப் பள்ளிகள் பஞ்சாயத்து யூனியன் கைக்கு வந்தன. 1981-ல் யூனியன் பள்ளி ஆசிரியர்கள் சர்க்கார் ஊழியர்கள் ஆனார்கள். பலகையில் மட்டும் இன்றும் "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி" என்றே இருக்கிறது. ஆசிரியருக்கு வேலைப் பாதுகாப்பு கிடைத்தது, அது நல்லது. ஆனால் பள்ளிக்கூடத்தைக் கேள்வி கேட்கும் உரிமை ஊரை விட்டுத் தள்ளிப் போனது.

அந்த உரிமையின் ஒரு பகுதி 2009-ம் வருஷத்து இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் திரும்பி வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கிறது. அதன் 21-வது பிரிவு என்ன சொல்கிறது? சர்க்கார் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தாழ்த்தப்பட்ட, நலிந்த பகுதிப் பெற்றோருக்கு அவர்கள் தொகைக்கு ஏற்ற இடம். தமிழ்நாட்டில் 2022-லும் 2024-லும் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன.

ஆலைத் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டம் நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் வொர்க்ஸ் கமிட்டி வைக்கச் சொன்னது. அதில் பாதி முதலாளி, பாதி தொழிலாளி. அந்தப் பாதியை வைத்துக் கொண்டே குடிதண்ணீர், விளக்கு, கேண்டீன் என்று எத்தனை விஷயத்தைச் சாதித்திருக்கிறோம்! பள்ளிக் குழுவிலோ நமக்கு முக்கால் பங்கு. முக்கால் பங்கை வைத்துக் கொண்டு கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வருகிறோம். இது எதைக் காட்டுகிறது? சட்டம் இடத்தைக் கொடுக்கும். அதில் உட்காருவதற்கு ஸ்தாபனம் வேண்டும் என்பதைக் காட்டுகிறது.

குழுவின் வேலை மூன்று. பள்ளி நடப்பைக் கண்காணிப்பது. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது. வருகிற பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. மாதம் ஒரு முறையாவது கூட வேண்டும், நடவடிக்கைகளை எழுதி ஜனங்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2010-ல் வெளியிட்ட மாதிரி விதிகள் சொல்கின்றன. "ஜனங்கள் பார்க்கும்படி" என்ற வார்த்தையைப் பிடித்துக் கொள்ளுங்கள். பீரோவுக்குள் பூட்டி வைக்கிற ரகசியம் அல்ல அது.

இனி கூட்டம் எப்படி நடக்க வேண்டும் என்று படிப்படியாகப் பார்ப்போம். நூறு நாள் வேலையில் மஸ்டர் ரோலைப் பார்க்கக் கற்றுக் கொண்ட ஜனங்களுக்கு இது கஷ்டமல்ல.

முதலாவது, அறிவிப்பு. கூட்டம் என்றைக்கு, எத்தனை மணிக்கு, எதைப் பற்றி என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். 2022-க்குப் பிறகு மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல் என்று வழக்கம் வைத்தார்கள். கூலிக்குப் போகிறவர் பிற்பகலில் வந்தால் அரை நாள் கூலி போகும். ஆகவே வேலை முடியும் நேரத்துக்கு வைக்கச் சொல்லிக் குழுவிலேயே கேளுங்கள். ஏழைக்கு வர முடியாத நேரத்தில் கூட்டம் வைப்பதும், ஏழை வரக்கூடாது என்று சொல்வதும் பலனில் ஒன்றுதான்.

இரண்டாவது, போன கூட்டத்துத் தீர்மானங்களைச் சத்தமாக வாசிப்பது. எல்லாக் கூட்டத்துக்கும் உயிர்நாடி இதுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர் முன்னால் வாசித்தால் அவரும் தெரிந்தவர் ஆகிவிடுகிறார். வாசிக்கும் போதே, "இது நடந்ததா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டும். நடக்கவில்லை என்றால், "நடக்கவில்லை" என்று எழுத வேண்டும்.

மூன்றாவது, பிள்ளைகள். எத்தனை பேர் பெயர் இருக்கிறது, எத்தனை பேர் வருகிறார்கள், வராதவர் யார், ஏன்? இதற்குப் பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷத்தைச் செலவழித்திருந்தால் அந்த அம்மாளின் பெண் இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்தது இரண்டாம் வாரமே தெரிந்திருக்கும்.

நான்காவது, ஆசிரியர்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. தலை எண்ணுங்கள். குறைந்தால் இடம் காலி என்று தீர்மானம் போடுங்கள். மக்கள்தொகைக் கணக்கு, தேர்தல், பேரிடர் நிவாரணம், இவை தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை இழுக்கக் கூடாது என்று 27-வது பிரிவு சொல்கிறது. இங்கே நாம் ஆசிரியருக்கு எதிரி அல்ல. ஆசிரியர் சங்கம் கேட்பதையே பெற்றோரும் கேட்கிறோம். ஆசிரியரும் பெற்றோரும் சண்டை போட்டுக் கொண்டால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஐந்தாவது, சாப்பாடு. 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கிய காலைச் சிற்றுண்டித் திட்டம் 2023 ஆகஸ்டு 25 முதல் சர்க்கார் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் வந்தது. மத்தியானச் சாப்பாடு வெகு காலமாக உண்டு. அரிசி எவ்வளவு வந்தது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதோடு, உறுப்பினர் ஒருவர் பிள்ளைகளோடு ஒரு நாள் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்கட்டும். கணக்கை விட நாக்கு நன்றாகப் பேசும்.

ஆறாவது, கட்டடம். 2004 ஜூலை 16-ம் தேதி கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் கருகினார்கள். கூரையும் படிக்கட்டும் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதை அந்த நாள் காட்டியது. மாதம் ஒரு முறை இரண்டு உறுப்பினர்கள் கட்டடத்தைச் சுற்றி வர வேண்டும். மேல் பூச்சு உதிர்கிறதா, மின்கம்பி தொங்குகிறதா, தண்ணீர் வருகிறதா? பார்த்ததை எழுத வேண்டும். பார்க்காததை எழுதக் கூடாது.

ஏழாவது, பணம். ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் கீழ் பள்ளிக்கு வருஷா வருஷம் மானியம் உண்டு. திட்ட விதிப்படி 31 முதல் 100 பிள்ளை வரை 25,000 ரூபாய். 101 முதல் 250 வரை 50,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்காவது சுத்தம், சுகாதாரத்துக்குப் போக வேண்டும். நாம் சொன்ன பள்ளியில் 120 பிள்ளைகள். ஆகவே 50,000, சுகாதாரத்துக்குக் குறைந்தது 5,000. இந்தக் கணக்கு அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தால் "திருப்திகரம்" என்ற இடத்தில் அவர் பேனா நின்றிருக்கும்.

கடைசியாக, தீர்மானத்தை எழுதும் விதம். இதுதான் மிக முக்கியம். அந்தப் பள்ளியில் நடந்ததையே சொல்லி விளக்குகிறோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்த அம்மாள் தெருத் தெருவாகப் போய் மற்ற உறுப்பினர்களைக் கூப்பிட்டார். பதினொரு பேர் வந்தார்கள். தண்ணீர் பிரச்னை வந்தது. "கழிப்பறைக்குத் தண்ணீர் வசதி செய்து தர ஆவன செய்யுமாறு கேட்டுக் கொள்ளப்படுகிறது" என்று எழுதினார்கள். எல்லோரும் சந்தோஷமாக டீ குடித்துவிட்டு வந்தார்கள். ஒரு மாதம் போயிற்று. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஏன்? யாரைக் கேட்டுக் கொள்ளப்படுகிறது? எப்போதைக்குள்? ஆர் செய்வது, எந்தப் பணத்தில்? ஒன்றும் இல்லை. "ஆவன செய்ய" என்ற வார்த்தை இருக்கிறதே, அது காற்றுக்கு எழுதிய கடிதம்.

இரண்டாவது மாதம் அந்த அம்மாள் ஒரு கேள்வி கேட்டார்: "தண்ணி ஏன் வரல? மொதல்ல அத எழுதுங்க." விசாரித்ததில் மோட்டார் எரிந்து போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. மோட்டாரைப் பழுது பார்க்க வேண்டியது பஞ்சாயத்து என்று தலைமையாசிரியர் சொன்னார். பள்ளி மானியத்தில் செய்யலாமே என்று பஞ்சாயத்து சொன்னது. மானியத்தில் பெரும் பகுதி வெள்ளையடிக்கப் போயிருந்தது. அந்தப் பஞ்சாயத்தின் வார்டு உறுப்பினரும் இந்தக் குழுவில் ஒரு உறுப்பினர்! அவர் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. ஆகவே இந்தத் தடவை எழுதினார்கள்: மோட்டார் ஐந்து மாதமாகப் பழுது, இதனால் மாணவிகள் நான்கு பேர் பள்ளிக்கு வரவில்லை, மோட்டாரைப் பஞ்சாயத்து பதினைந்து நாளில் சரி செய்ய வேண்டும், குழாய் மாற்றும் செலவை மானியத்தின் சுகாதாரப் பங்கில் செய்ய வேண்டும், வார்டு உறுப்பினர் அடுத்த கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும், நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு. கீழே கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே கையெழுத்து. கோட்டுக்கு மேலே ஒரு வரி கூடப் பிறகு சேர்க்க இடம் வைக்கவில்லை.

பதினைந்து நாளில் நடக்கவில்லை. மூன்றாவது கூட்டத்தில் "நடக்கவில்லை" என்று எழுதினார்கள். அந்தத் தீர்மானத்தின் நகலை எடுத்துக் கொண்டு முப்பது பெற்றோர் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனார்கள். கொடி இல்லை, கோஷம் இல்லை, நோட்டு மட்டும்தான். அந்த வாரமே மோட்டார் ஓடியது. பிற்பாடு தலைமையாசிரியரே எங்களிடம் சொன்னார்: "இத்தனை வருஷமா நான் தனியா எழுதின கடிதத்துக்கு வராத ஆள், பெத்தவங்க தீர்மானத்துக்கு வந்துட்டார்."

அம்மாளின் பெண் திரும்பப் பள்ளிக்கு வந்தது. அரைப் பரீட்சை போயிற்று, ஆனால் வந்தது. நால்வரில் மூன்று பேர் வந்தார்கள். நாலாவது பெண்ணைச் சென்னைப் பக்கம் வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளை இன்னும் திரும்பவில்லை. பெயரைத் தீர்மானத்தில் எழுதி, சைல்ட்லைன் 1098-க்கும் சொல்லியிருக்கிறோம். இன்னும் விடவில்லை. வெற்றி என்று இதைச் சொல்லும்போது அந்தப் பிள்ளையையும் சேர்த்தே கணக்குச் சொல்ல வேண்டும். ஐந்து மாதத்துப் பொய்க் கையெழுத்துக்கு நாம் கொடுத்த விலை அது.

தோழர்களே, கிள்ளையில் இருந்து கொண்டு இருளர் குடும்பங்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பிச்சாவரம் உப்பங்கழியில் கழுத்தளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் ஜனங்கள். அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சேர்கிறார்கள், பாதியில் நிற்கிறார்கள். பழங்குடிச் சான்றிதழுக்காக வருஷக்கணக்கில் அலைகிறார்கள். குழுவின் பட்டியலில் அவர்கள் பெயர் இருந்தால் போதாது. நாற்காலியில் ஆள் இருக்க வேண்டும். வயதுச் சான்று இல்லை என்பதற்காகப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 14-வது பிரிவு சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்று சேர்க்கையைத் தள்ளக் கூடாது என்று 5-வது பிரிவு சொல்கிறது. சான்றிதழ் இல்லாத பிள்ளைகளின் பட்டியலை வைத்து, கோட்ட அதிகாரி பள்ளிக்கூடத்துக்கே வந்து விசாரித்துச் சான்று தர வேண்டும் என்று குழு தீர்மானம் போடலாம். இருளர் பெற்றோர் அதை முன்மொழியட்டும். மீனவர் பெற்றோரும் சேரிப் பெற்றோரும் வழிமொழியட்டும். ஒரு தீர்மானத்தின் கீழ் மூன்று தெருக் கையெழுத்தும் சேர்ந்து விழுவதே ஒரு அரசியல்!

"எல்லாம் சரி, பணமே வராவிட்டால் குழு என்ன செய்யும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2024-25-ம் வருஷத்துக்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய்க் கல்வி நிதியை ஒன்றிய சர்க்கார் நிறுத்தி வைத்தது. பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடு, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றுக் கொள், பிறகு பணம் என்றது. 2025 மே மாதம் தமிழ்நாடு சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. பாருங்கள், அங்கேயும் கையெழுத்துத்தான் கேட்கிறார்கள்! வயலில் நிற்கும் அம்மாளிடம் "ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று கேட்டது போல, ஒரு ராஜ்யத்திடம் கேட்கிறார்கள்.

ஆகவே கிராமத்து நோட்டும் டில்லிக் கஜானாவும் வேறு வேறு அல்ல. மானியம் வரவில்லையா? "மானியம் வரவில்லை, ஆகவே இன்ன இன்ன வேலை நிற்கிறது" என்று தேதி போட்டு எழுதுங்கள். ஒரு பள்ளிக்கூடம் எழுதினால் அது ஒரு புகார். ஆயிரம் பள்ளிக்கூடம் எழுதினால் அது குற்றப்பத்திரிகை. அதே சமயம் ராஜ்ய சர்க்கார் நிரப்ப வேண்டிய காலியிடத்தையும், கட்ட வேண்டிய கட்டடத்தையும் டில்லியின் தலையில் போட்டுத் தப்பிக்க விடவும் கூடாது. எது யார் பொறுப்பு என்று நோட்டு பிரித்துச் சொல்லட்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம். குழுவைக் கட்சிக் கிளை ஆக்கி விடாதீர்கள். அங்கே எல்லாக் கட்சிப் பெற்றோரும் இருப்பார்கள், இருக்க வேண்டும். நமது வேலை தலைமை நாற்காலியைப் பிடிப்பது அல்ல. வாசிக்காத தீர்மானத்தில் எவரும் கையெழுத்துப் போடாத வழக்கத்தை உண்டாக்குவது. அதைச் செய்தால் மற்றதைப் பெற்றோர்களே செய்து கொள்வார்கள். அந்த அம்மாளுக்கு நாம் கற்றுக் கொடுத்தது கொஞ்சம். "தண்ணி ஏன் வரல, மொதல்ல அத எழுதுங்க" என்று அவர் நமக்குக் கற்றுக் கொடுத்தது அதிகம்.

இந்த வகுப்பிலிருந்து ஒவ்வொரு கிளையும் எடுத்துப் போக வேண்டிய வேலைகள் இவை:

ஒன்று: உங்கள் ஊர்ப் பள்ளியின் குழு உறுப்பினர் பட்டியலை வாங்குங்கள். நம் சங்கத்தார் யார் யார் அதில் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இரண்டு: அடுத்த கூட்டத்துக்கு முந்தின நாள் அவர்களோடு அரை மணி நேரம் உட்காருங்கள். போன மாதத் தீர்மானத்தை வாசியுங்கள்.

மூன்று: யார் செய்வது, எப்போதைக்குள், எந்தப் பணத்தில் என்ற மூன்றும் இல்லாத தீர்மானத்தைத் திருப்பி எழுதச் சொல்லுங்கள். சம்மதமில்லை என்றால் "எனக்குச் சம்மதமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

நான்கு: நோட்டைக் காட்ட மறுத்தால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய், முப்பது நாள்.

ஐந்து: கிராமப் பஞ்சாயத்துகளில் குழுவின் தீர்மானத்தைக் கிராம சபையில் வையுங்கள். மே 1-ம் தேதியும் கிராம சபை நாள்தான். காலையில் கொடியேற்றிவிட்டு நோட்டோடு சபைக்குப் போகலாம்.

2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கி வந்தபோது பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு அலையின் வேகத்தை மட்டுப்படுத்தியது நம் கண்ணெதிரே நடந்தது. அந்தக் காட்டில் ஒரு வேரும் பெருத்த வேர் அல்ல. ஆனால் ஆயிரம் வேர் ஒன்றோடொன்று பின்னிக் கொண்டு நின்றது. மாதம் ஒரு கூட்டம், ஒரு வாசிப்பு, ஒரு சரியான தீர்மானம், இதெல்லாம் அப்படிப்பட்ட வேர்தான்.

இனி நோட்டை நீட்டி, "ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று எவராவது கேட்டால், நம் ஊர்ப் பெண்கள் ஒரே பதில் சொல்லட்டும்:

"படிச்சுக் காட்டுங்க. அப்பறம் போடறேன்."